கியர் இறுகினால் முதலில் கிளட்ச்சைப் பாருங்கள்

ஊத்தங்கரை, செங்கம் பக்கம் வசூலுக்குப் போக நம் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் பழைய அப்பாச்சி, பல்சர் வண்டிகளை விரும்பி வாங்குகிறார்கள். கை மாறி வந்த வண்டியில் கியர் இறுக்கமாக விழுந்தால், "கியர் பாக்ஸ் போச்சு" என்று பட்டறையில் சொல்வார்கள். உடனே பணத்தை எடுத்து வைக்க வேண்டாம். எடை பார்க்காமல் மூட்டை இறக்குவோமா?

எஞ்சினை நிறுத்தி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டியபடி கியர் மாற்றிப் பாருங்கள். அப்போது எளிதாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் இறுகினால், கிளட்ச் முழுவதும் விடவில்லை என்று பொருள். பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருக்கும். கிளட்ச் லிவர் நுனியில் பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர் தளர்வு போதும். கூடுதலானால் திருகிச் சரிசெய்யலாம். கம்பி இழை பிரிந்த கேபிளை மாற்றிவிட வேண்டும். கம்பெனி குறித்ததைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றினாலும் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

எஞ்சினை நிறுத்தியும் இறுகினால், வளைந்த கியர் லிவரையும் அதன் மூட்டில் படிந்த மண்ணையும் பாருங்கள். அதிலும் குறையில்லை என்றால்தான் கியர் பாக்ஸைத் திறக்கச் சொல்லலாம். வண்டி வாங்கும் முன்பே இச்சோதனையைச் செய்தால் விலையும் பேசலாம்.