விளக்கை அணைத்துவிட்டு மீனை விடுங்கள்

சென்னை கொளத்தூர் கடைகளில் நியான் டெட்ரா வாங்கி வருபவர்கள், ஆக்சிஜன் நிரப்பிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன்செய்ய மறப்பதில்லை. அந்தக் கவனத்தில் பாதிகூட வெளிச்சத்துக்குக் கிடைப்பதில்லை. மீன் உள்ளே போன கையோடு எல்இடி விளக்கு பளிச்சென்று எரிகிறது, பிள்ளைகள் கண்ணாடியில் முகம் பதிக்கிறார்கள், மீன் ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொள்கிறது. கூச்ச சுபாவமுள்ள மீன் என்று அதற்கு ஒரு பெயரும் சூட்டிவிடுகிறோம். பல வீடுகளில் அந்தக் கூச்சத்தை உண்டாக்குவது நாம் போடும் விளக்குதான்.

மீனின் கண்ணைப் பார்த்தால் இது விளங்கும். நியானுக்கு இமை கிடையாது. பெரும்பாலான எலும்பு மீன்களுக்கு, நமக்குப்போல் கண்பாவை சட்டென்று சுருங்கி வெளிச்சத்தைக் குறைப்பதும் இல்லை. மாறாக, விழித்திரையில் உள்ள குச்சி செல்களும் கூம்பு செல்களும் நிறமித் துகள்களும் மெல்ல இடம் மாறி ஒளிக்குத் தக்கபடி அமைகின்றன. இது நொடிகளில் முடிவதில்லை, பல நிமிடங்கள் பிடிக்கும். இருட்டான பெட்டியில் பயணம் செய்து வந்த மீனின் தலைக்கு மேல் விளக்கைப் போட்டால், அந்த நிமிடங்கள் முழுவதும் கூசும் வெளிச்சத்தில் அது கழிக்க வேண்டியதுதான். நியானின் நெருங்கிய உறவான கார்டினல் டெட்ராவின் தாயகம் பிரேசிலின் ரியோ நெக்ரோ போன்ற ஆறுகள். சருகு ஊறிக் கடுந்தேநீர் நிறமான தண்ணீர், மேலே காட்டு நிழல். அப்படிப்பட்ட மீனை வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய வெறுந்தொட்டியில் விட்டால், மேலிருந்தும் கீழிருந்தும் ஒளி தாக்கும். ஒதுங்க ஒரு நிழல்கூட இராது.

இன்று விற்கும் நியான்களில் பெரும்பாலானவை ஆசியப் பண்ணைகளில் பிறந்தவை, தாயகமான அமேசானைக் கண்டதே இல்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சில தலைமுறைப் பண்ணை வாழ்வில் கண்ணின் அமைப்பு மாறிவிடாது. நியான் முட்டைகள் வெளிச்சம் தாங்காதவை என்பதால், இனப்பெருக்கம் செய்பவர்களே தொட்டியை மூடி இருட்டாக்கி வைக்கிறார்கள். கடைத் தொட்டியில் பளீர் வெளிச்சத்திலும் நன்றாகத்தானே நீந்தின என்பது இன்னொரு வாதம். அங்கே ஒளிய இடமே இல்லை, நூற்றுக்கணக்கில் கூட்டமாக வேறு இருந்தன. கண்ணில் படுவதை வைத்து நிம்மதியை அளக்க முடியாது. மறைவிடம் தந்தால் மீனைப் பார்க்கவே முடியாது என்ற பயமும் தலைகீழானது. ஓடி ஒளிய இடம் அருகில் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் துணிந்து நடுவே வரும்.

ஆகவே முதல் நாள் விளக்கே வேண்டாம், அறை வெளிச்சம் போதும். மறுநாள் மங்கலாக ஓரிரு மணி நேரம், பிறகு ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டலாம். மிதக்கும் செடிகள், கருமணல், தண்ணீரைப் பழுப்பாக்கும் காய்ந்த பாதாம் இலை எல்லாமே உதவும். ஒன்றிரண்டாக வாங்காமல் ஆறேழு மீன்களாவது சேர்த்து விடுவது இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரும். காலையில் அறை விளக்கைப் போட்டுச் சிறிது நேரம் கழித்தே தொட்டி விளக்கு எரியட்டும். அப்போது நீலக்கோடு வெளிறித் தெரிந்தால் பதற வேண்டாம், இரவில் நியானின் நிறம் மங்குவது இயல்பு. செடி வாடிவிடுமே என்பவர்களுக்கு: சில நாள் மங்கலால் சாதாரணத் தொட்டிச் செடி சாகாது, பாசிதான் சற்றுக் குறையும். அதற்காக நிரந்தரமாக இருட்டில் வைக்கவும் கூடாது. பகலும் இரவும் மாறிமாறி வருவது மீனுக்கும் தேவை, அதற்கு ஒரு டைமர் போதும். இத்தனைக்கும் பிறகு ஒரு வாரம் தாண்டியும் மீன் மூலையிலேயே கிடந்தால், செவுள் வேகமாக அடித்தால், தீனியைத் தொடாவிட்டால், விளக்கை விட்டுவிட்டுத் தண்ணீரில் அமோனியா இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.