உப்பிய மின்கலம்

செம்பனைத் தோட்டங்களின் ஊடே செல்லும் செம்மண் சடக்கு, தொலைக்கட்டுப்பாட்டு வண்டிகளுக்கென்றே போட்டது போன்ற ஓடுதளம். மேடு, பள்ளம், சரளைக்கல், மழை பெய்த மறுநாள் சேறு என எல்லாம் அங்கே உண்டு. நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரங்களில் இத்தகைய சடக்குகளுக்குக் குறைவில்லை. பேச்சு வழக்கில் ‘ரிமோட் கார்’ எனப்படும் அவ்வண்டிகளை ஓட்டும் இளையோர், சக்கரத்தைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். வண்டியின் வயிற்றில் கிடக்கும் மின்கலத்தைப் பற்றிப் பேச்சு எழுவது, பெரும்பாலும் அது கெட்டுப்போன பிறகுதான்.

வேகமாக ஓடிய வண்டி ஒரு கல்லில் மோதிக் குட்டிக்கரணம் அடிக்கிறது. மறுநாள் மூடியைத் திறந்து பார்த்தால், தட்டையாக இருந்த மின்கலம் சிறு தலையணை போல் உப்பியிருக்கிறது. இந்நிலையில் பலரும் செய்யக்கூடியவை சில உண்டு. ஒருவர் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். மற்றொருவர் காற்றை வெளியேற்றலாம் என்று ஊசியால் குத்துவார். இன்னொருவர், ‘இன்னும் ஓடுகிறதே’ என்று மறுபடியும் மின்னூட்டம் செய்வார். வேறொருவர் லயத்தின் பின்னால் எரியும் குப்பையில் வீசிவிடுவார். நான்குமே ஆபத்தானவை. ஏன் என்பது மின்கலத்தின் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்டால் விளங்கும்.

இவ்வண்டிகளில் இன்று பெரிதும் பயன்படுவது லித்தியம் பாலிமர் மின்கலம். சுருக்கமாக ‘லிபோ’ என்பர். இதன் உட்புறம் கூவே லாப்பிஸ் பலகாரம் போன்றது. கரிப்பூச்சு கொண்ட செப்புத் தகடு, உலோக ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடு என மெல்லிய தகடுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றோடொன்று தொட்டுவிடாதபடி அவற்றுக்கு இடையே தலைமுடியைவிட மெல்லிய நெகிழித் தாள் ஒன்று இருக்கும். அடுக்குகள் முழுவதும் எளிதில் தீப்பற்றும் ஒரு திரவத்தில் ஊறியிருக்கும். லித்தியம் அயனிகள் அத்திரவத்தின் வழியே ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குச் செல்வதால்தான் மின்சாரம் கிடைக்கிறது.

கைவிளக்கில் போடும் உருளை மின்கலத்துக்கு எஃகுக் கூடு உண்டு. லிபோவுக்கு அது கிடையாது. எடை குறைய வேண்டும் என்பதற்காக அதை மெல்லிய அலுமினியப் பையில் அடைத்திருக்கிறார்கள். வண்டி வேகமாகப் பாய்வதற்கும், மின்கலம் எளிதில் அடிபடுவதற்கும் அந்தப் பையே காரணம்.

மின்கலம் உப்புவது உள்ளே வாயு சேர்வதால். அடிபட்டாலோ, அதிகமாகச் சூடேறினாலோ, அளவுக்கு மீறி மின்னூட்டம் செய்தாலோ, ஒட்ட ஒட்டத் தீர்த்துவிட்டாலோ உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. அவ்வாயுக்களில் சில தீப்பற்றக்கூடியவை. ஆகவே உப்பல் என்பது மின்கலம் செத்துவிட்டதற்கு அடையாளம் அன்று. உள்ளே ஏதோ தவறாக நடந்திருக்கிறது, ஆற்றலோ இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். 7.4 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்-மணி என அச்சிட்ட ஒரு மின்கலத் தொகுதி நிறைவாக இருக்கும்போது ஏறத்தாழ 37 வாட்-மணி ஆற்றலைக் கொண்டிருக்கும். இரண்டு கைப்பேசி மின்கலங்களின் ஆற்றல் அது.

அந்த ஆற்றல் மோட்டார் வழியாக மெல்ல வெளியேறினால் வண்டி ஓடும். ஒரே நொடியில் வெளியேறினால் தீ. ஊசி உள்ளே நுழையும்போது நடுவிலுள்ள தாள் கிழிகிறது, தகடுகள் தொட்டுக்கொள்கின்றன, அந்த இடம் கொதிக்கிறது. ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் அந்த நெகிழித் தாளே உருகத் தொடங்கிவிடும். பிறகு மேலும் பல இடங்களில் தகடுகள் தொட்டுக்கொள்ளும். வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்த, வேதிவினை மேலும் வெப்பத்தைத் தர, பல நூறு பாகை வரை சூடு ஏறும். இடையில் யாராலும் அதை நிறுத்த முடியாது. உலோக ஆக்சைடு சிதையும்போது ஆக்சிஜனும் வெளிவருவதால், ஈரத்துணியால் மூடி இத்தீயை அணைத்துவிடலாம் என்று எண்ணுவது வீண்.

இந்த ஆபத்தை இம்மின்கலத்தை உருவாக்கியவர்களே முதலில் எண்ணிப் பார்த்தார்கள். ஜப்பானிய அறிவியலாளர் அகிரா யோஷினோ 1986-இல் தம் புதிய மின்கலத்தின் மீது இரும்புக் கட்டியைப் போட்டுச் சோதித்தார். லித்தியத்தை உலோகமாகவே கொண்டிருந்த மின்கலம் தீப்பற்றி எரிந்தது, அவருடையதோ தாக்குப்பிடித்தது. லித்தியம் அயனி மின்கலம் பிறந்தது அந்தக் கணத்தில்தான் என்று அவர் பின்னாளில் குறிப்பிட்டார். 1991-இல் அது விற்பனைக்கு வந்தது. 2019-இல் அவருக்கும் ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம் ஆகிய இருவருக்கும் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் ஒரு மின்கலம் சோதனையில் தப்பியது, எல்லா மின்கலமும் எல்லா அடியையும் தாங்கும் என்பதற்கு உறுதியாகாது. பயணிகள் விமானங்களில் லித்தியம் அயனி மின்கலங்களைச் சரக்காக ஏற்றுவதை அனைத்துலகப் பொது வான் போக்குவரத்து அமைப்பு 2016 ஏப்ரல் முதல் தடை செய்ததும் இதனால்தான்.

மின்கலம் கெடுவதற்கு மோதல் மட்டுமே காரணம் அன்று. வீட்டில், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் தவறுகளே அதிகம் என்று சொல்லலாம். அவற்றுள் முதன்மையானது பழைய மின்னேற்றி.

முன்பு ரிமோட் கார்களில் நிக்கல் வகை மின்கலம் இருந்தது. அது நிறைந்ததும் மின்னழுத்தம் சற்றே இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டதும் மின்னேற்றி நின்றுவிடும். லிபோ அப்படி இறங்குவதில்லை. ஓர் அறைக்கு 4.2 வோல்ட் வந்தவுடன் அதை நிறுத்தியாக வேண்டும். அண்ணனின் பழைய மின்னேற்றியில் தம்பி தன் புதிய லிபோவைச் செருகினால், வராத இறக்கத்துக்காக அந்த மின்னேற்றி காத்துக்கொண்டே இருக்கும். மின்கலமோ நிறைந்த பின்னும் நிறைந்துகொண்டே போகும். செருகி பொருந்துகிறது என்பதற்காக மின்னேற்றியும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது.

இதே குழப்பம் வண்டியிலும் உண்டு. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில் நிக்கல், லிபோ என இரண்டு அமைப்புகள் இருக்கும். லிபோ அமைப்பில் வைத்தால், ஓர் அறையின் மின்னழுத்தம் ஏறக்குறைய 3 வோல்ட்டுக்கு இறங்கும்போது கருவி வண்டியை நிறுத்திவிடும். நிக்கல் அமைப்பிலேயே விட்டுவிட்டால் வண்டி ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் வரை ஓடும். மின்கலம் அன்றே பாதி கெட்டிருக்கும்.

தொகுதியிலிருந்து வரும் சிறிய வெள்ளைச் செருகியைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஒவ்வோர் அறையையும் தனித்தனியே அளப்பதற்கு உதவுவது அது. இரண்டு அறைகள் கொண்ட தொகுதி 8.4 வோல்ட்டில் நிறைவடையும். ஓர் அறை 4.0 வோல்ட்டிலும் மற்றது 4.4 வோல்ட்டிலும் இருந்தாலும் கூட்டுத்தொகை அதே 8.4தான். கூட்டல் சரியாக இருக்கும். ஓர் அறை மட்டும் உப்பத் தொடங்கியிருக்கும்.

இனி, அடிபட்ட மின்கலத்துக்கு வருவோம். மோதிய உடனே புகை வராததால் பிழைத்துவிட்டது என்று கருதலாகாது. உள்ளே தாள் நைந்திருந்தால், சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பற்றலாம். எனவே பலமாக மோதிய வண்டியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. மின்கலம் சூடாக இல்லை, புகை இல்லை, பழங்களின் வாசம் போன்ற இனிய நெடியும் இல்லை என்றால் மட்டும் செருகியைப் பிரித்து எடுத்து, வெட்ட வெளியில், வெறுந்தரையில், நிழலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். சுடுகிறது என்றால் தொடவே வேண்டாம். வண்டி போனால் போகட்டும்.

தோட்டப் புறங்களில் இடத்தைத் தேர்வதில் கூடுதல் கவனம் தேவை. காய்ந்த செம்பனை ஓலைக் குவியலுக்கு அருகில் வைக்கக் கூடாது. பழைய லயங்களில் சுவர் பலகையாக இருக்கும். ஐந்தடியில் மோட்டார் சைக்கிள் நிற்கும், சமையல் எரிவாயுக் கலன் இருக்கும். ஒரு வீட்டில் பிடிக்கும் தீ அங்கே ஒரு வீட்டோடு நிற்காது. தகரக் கூரைக்கு அடியிலும், வெயிலில் நிறுத்திய மகிழுந்துக்குள்ளும் சேரும் வெப்பமும் உப்பிய மின்கலத்துக்கு ஆகாது.

கவனித்த பிறகு, உப்பியதோ நசுங்கியதோ பை கிழிந்ததோ ஆன மின்கலத்தைப் பெரியவர் ஒருவரின் உதவியோடு பத்திரப்படுத்தலாம். அதன் இரு முனைகளையும் தனித்தனியே கறுப்பு டேப்பால் சுற்ற வேண்டும். கம்பிகளை வெட்ட வேண்டாம். கத்தரிக்கோல் இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால் பொறி பறக்கும். பிறகு உலர்ந்த மணல் உள்ள இரும்பு வாளியில் வைத்து மேலும் மணலைப் பரப்ப வேண்டும். மணல் இத்தீயை அணைக்காது. ஆனால் பொறிகளும் சுவாலையும் பரவாமல் தடுக்கும். வாளியை இறுக மூடக் கூடாது; வாயு வெளியேற வழி வேண்டும்.

உப்புநீரில் ஊறவைத்தால் மின்கலம் செயலிழந்துவிடும் என்ற பழக்கமும் பொழுதுபோக்காளர்களிடையே உண்டு. இதை நம்புவதற்கில்லை. உப்புநீர் முதலில் அரிப்பது வெளிமுனைகளைத்தான். முனைகள் கரைந்துபோனால் உள்ளிருக்கும் ஆற்றல் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். பார்ப்பவருக்கு மட்டும் வேலை முடிந்ததாகத் தோன்றும்.

தீப்பற்றிவிட்டால் செய்ய வேண்டியது குறைவு: எல்லோரும் வெளியேறுவது, முடிந்தால் கதவைச் சாத்துவது, அண்டை வீட்டாரை எழுப்புவது, 999-ஐ அழைத்து எரிவது லித்தியம் மின்கலம் என்று சொல்வது. அப்புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளூரைடும் கலந்திருக்கும்; ஒருமுறை ஆழமாக மூச்சிழுத்தாலே தீங்கு. தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்று சிலர் அஞ்சுவர். உண்மையில் தீயணைப்பு வீரர்கள் ஏராளமான தண்ணீரைப் பீய்ச்சித்தான் இம்மின்கலங்களைக் குளிர்விக்கிறார்கள். அது அவர்களுடைய உடுப்பும் சுவாசக் கருவியும் உள்ளவர்கள் செய்யும் வேலை.

வாளியில் உள்ள மின்கலத்தைக் குப்பைத் தொட்டியில் போடலாமா? போடக் கூடாது. குப்பை லாரி தான் ஏற்றும் குப்பையை நசுக்கி அமுக்கும். நசுங்கிய மின்கலம் என்ன செய்யும் என்பதை மேலே கண்டோம். 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள் 77 வகைக் கழிவுகளை ஆபத்தானவையாகப் பட்டியலிடுகின்றன. லித்தியம் கொண்ட மின்கலக் கழிவு அவற்றுள் ‘எஸ்டபிள்யூ 103’ என்ற எண்ணைப் பெற்றிருக்கிறது. வீட்டில் சேரும் ஒன்றிரண்டை, சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த மின்னியல் கழிவுச் சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும்போது அது சேதமடைந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நல்லவற்றோடு சேர்த்து ஒரே பெட்டியில் போட்டுவிடக் கூடாது.

ஒரு வியப்பும் இங்கே உண்டு. சிரம்பானில் துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையில் சாம்சங் எஸ்.டி.ஐ. நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. 1990-களில் தொலைக்காட்சிப் படக்குழாய்களைச் செய்துகொண்டிருந்த அது, இப்போது லித்தியம் அயனி மின்கலங்களைச் செய்கிறது. 2022-இல் அங்கு இரண்டாவது ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே மாநிலத்தில், போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் நானாசில், நாட்டின் பட்டியலிடப்பட்ட கழிவுகளைக் கையாளும் முதல் ஒருங்கிணைந்த மையம் 1998 முதல் இயங்கி வருகிறது. மின்கலங்கள் பிறக்கும் இடமும் ஆபத்தான கழிவுகள் போய்ச் சேரும் இடமும் நெகிரி செம்பிலானிலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே தோட்டத்து வீட்டின் பின்புறம், கூரையிலிருந்து சில அடி தள்ளி, மணல் வாளியில் ஒரு மின்கலம் கிடக்கிறது. அடுத்த முறை சிரம்பானுக்குச் செல்லும்போது அப்பா அதை எடுத்துச் செல்வார்.