சமூக வன உரிமை: ஏட்டிலும் காட்டிலும்

பாலக்காடு மாவட்டத்தின் பறம்பிக்குளம் கேரள மாநிலத்தைச் சேர்ந்தது. எனினும், அங்குச் செல்லும் சாலையோ தமிழகத்தின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே அமைந்துள்ளது. முதலமடை ஊராட்சிக்குட்பட்ட தேக்கடிப் பகுதிப் பழங்குடியினர் (இதனை இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியோடு மயங்கலாகாது) தம் ஊராட்சி அலுவலகத்தை அடைவதற்கே அண்டை மாநிலத்தைச் சுற்றி வரவேண்டியிருந்தது. செம்மணாம்பதிக்கு நேர்வழி வேண்டுமென்பது அவர்களது நெடுநாளைய கோரிக்கை. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றின் காரணமாக எல்லைப் போக்குவரத்து தடைப்பட்டது. அவ்வாண்டு காந்தி பிறந்த நாளன்று அம்மக்கள் வனத்தினூடே தாமே பாதை வெட்டத் தொடங்கினர்.

இதனை வெறும் விதிமீறலாகக் கொள்வது பொருந்தாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சாலை, பள்ளி, குடிநீர் உள்ளிட்ட 13 வசதிகளுக்கு வன நிலத்தை அளிக்க இடந்தருகிறது. ஒவ்வொரு வசதிக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐ மிஞ்சலாகாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மூன்று மீட்டர் அகலப் பாதையானால், இவ்வரம்பிற்குள் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாகவே அமைக்கலாம். சட்டத்தில் வழி இருந்தது. காட்டில்தான் வழி இல்லை.

அச்சட்டம் இருவகை உரிமைகளை ஏற்கிறது. சாகுபடி நிலத்திற்கும் குடியிருப்பிற்கும் அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரையிலான தனி உரிமை ஒன்று. தேன், மூங்கில், மீன், மேய்ச்சல் ஆகியவற்றின் மீதான சமூக உரிமையும், வனவளத்தைக் காத்து நிர்வகிக்கும் உரிமையும் மற்றொன்று. பட்டா வழங்குவது அலுவலர்க்கு எளிது. எண்ணிக்கையை அறிக்கையிலும் காட்டலாம். நிர்வாக உரிமையை ஏற்பதோ, வனத்துறை தன் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வதாகும். தயக்கம் அங்கேதான்.

இத்தயக்கத்திற்கு வரலாறு உண்டு. கொச்சி அரசின் காலத்தில் பறம்பிக்குளத்துத் தேக்கு, வன டிராம் பாதையில் சாலக்குடிக்கு இறங்கியது. பின்னர் பறம்பிக்குளம்-ஆழியாறு திட்ட அணைகள் எழுந்தன. 2010இல் அப்பகுதி புலிகள் காப்பகமாயிற்று. காடர், மலசர் முதலிய மக்கள் மரம் வெட்டவும் தேன் சேகரிக்கவும் அழைக்கப்பட்டனர், முடிவெடுக்க அழைக்கப்படவில்லை.

இந்நிலை மாறக்கூடியதே என்பதற்குச் சாலக்குடியாற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள வாழச்சால் சான்றாகும். அங்கு 9 ஊர்களுக்கு 2014இல் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் வனத்தின் மீது சமூக உரிமை அளிக்கப்பட்டது. அதிரப்பள்ளி மின்திட்டத்தை எதிர்த்தபோது காடர் அவ்வுரிமையையே முன்வைத்தனர். ஒடிசாவின் நியம்கிரியில் உச்ச நீதிமன்றம் 2013இல் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது. 12 சபைகளும் சுரங்கத்தை மறுத்தன.

இடுக்கியில் முதுவர் வாழும் இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. ஆயினும் ஊராட்சி வேறு, வன உரிமைச் சட்டம் கருதும் கிராம சபை வேறு. பின்னது ஒவ்வொரு குடியிருப்பிலும் வயதுவந்தோர் அனைவரும் கூடும் ஊர்க்கூட்டமாகும்.

எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. காடரும் முதுவரும் ஆனைமலையின் இருபுறமும் வாழ்கின்றனர். அவர்தம் மரபெல்லை மாநில எல்லையை அறியாது. மாவட்டங்களுக்கிடையேயான கோரிக்கைகளை மாவட்டக் குழுக்கள் ஒருங்கிணைக்குமாறு விதிகள் பணிக்கின்றன. இரு மாநிலங்களில் விரியும் கோரிக்கைக்கு இத்தகைய தெளிவான ஏற்பாடு விதிகளில் இல்லை.