கிராம சபையும் குடிமைப் பயிற்சியும்

உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியவை. அவற்றில் காணும் குடவோலை முறையைப் புகழாத பஞ்சாயத்து விழா நம் நாட்டில் இல்லை. ஆயினும் அச்சாசனம் கூறும் தகுதிகளை நாம் அதிகம் எடுத்துரைப்பதில்லை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். நிலமற்ற உழவனுக்கு அங்கே இடமில்லை. கற்றவரே உள்ளே நுழையலாம் என்பது அக்கால ஏற்பாடு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது என்ற விதியொன்றும் அதில் உண்டு. அது என்றும் போற்றத்தக்கது.

நமது கிராம சபைக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை. 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர்களே. அவ்வாறாயின், பொதுக் காரியங்களைப் பற்றிய அறிவை அவர்கள் எங்கே பெறுவது? பள்ளிப் பாடத்தில் பாராளுமன்றத்தின் இரு அவைகளைப் பற்றிப் படிக்கிறோம். தெருவிளக்கின் மின் கட்டணம் எந்த நிதியிலிருந்து செலுத்தப்படுகிறது என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை. சபையில் அமர்ந்துதான் அதனைக் கற்க வேண்டியுள்ளது.

ஆனால் பலர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவுடன் எழுந்து போய்விடுகின்றனர். குற்றம் முழுவதும் அவர்களுடையதன்று. தீர்மானங்கள் மூச்சுவிடாமல் வாசிக்கப்படுகின்றன. எங்களைப் போன்ற அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. புரியாத இடத்தில் கேள்வி பிறவாது. கேள்வி கேட்காதவர் அடுத்த முறை வருவதற்குக் காரணமும் இராது. வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் அவர் கையெழுத்தின் பேரிலேயே நிறைவேறிவிடும். தம் பெயர் விடுபட்டதை ஓர் ஏழை விதவை பல மாதங்கள் கழித்தே அறிவார்.

படிவம் 30 என வழங்கும் வரவு செலவுக் கணக்கை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வீட்டு வரி இவ்வளவு, குடிநீர்க் கட்டணம் இவ்வளவு, குழாய் பழுதுபார்த்த செலவு இவ்வளவு என்றவுடன், "எங்கள் தெருக் குழாயும் அதில் சேர்ந்ததா?" என்று ஒருவர் கேட்பார். உறுப்பினர்கள் சிலருக்கு இது சங்கடமாகத் தோன்றலாம். ஆயினும் தம் வரிப்பணம் சென்ற வழியை அறிந்தவரிடம் அடுத்த ஆண்டு வரி கேட்பதும் எளிது.

ஆகவே, கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்னதாகவே அக்கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி, நியாய விலைக் கடையருகில் ஒட்டி வையுங்கள். எழுத்தறியாதவர்க்கு வாசித்துக் காட்ட, மேல் வகுப்புப் பிள்ளைகள் இருவரை அங்கே நிறுத்தலாம்.