இரு வேந்தர் மதித்த வேள்

செண்பகனூரைத் தன் சரிவிலே தாங்கி நிற்கும் பழனி மலைத்தொடர், வடக்கே கொங்கு நாட்டையும் தெற்கே வைகை பாயும் பாண்டி நாட்டையும் பிரித்து நிற்பதோடு, மேற்கே மலைநாடாகிய சேர மண்டலத்தின் மலைகளோடும் இணைந்து கிடப்பதனால், பண்டைக் காலத்தில் மூவேந்தருடைய அதிகாரமும் சந்திக்கும் எல்லைப்புறமாக விளங்கிற்று. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில் சக வருஷம் 792, அதாவது கி.பி. 870இல் பொறிக்கப்பெற்ற சமணக் கல்வெட்டு, வரகுண பாண்டியனுடைய எட்டாம் ஆட்சியாண்டைக் குறிக்கின்றது. அதன் பின்னர் கொங்கு தேசம் ஆதித்த சோழனுடைய வசமாயிற்று என்று கொங்குதேச ராஜாக்கள் சரித்திரம் கூறுகின்றது. இவ்வாறு ராஜ்யங்களின் எல்லை மாறிக்கொண்டேயிருந்த காலத்தில், பிரபுக்கள் எந்த அரசனுக்கு விசுவாசம் பூண்டு வாழ்ந்தார்கள் என்னும் கேள்விக்கு, காவிரியின் வடகரையிலுள்ள ஒரு கோயிற்கல் விடை தருகின்றது.

திருவையாற்றை அடுத்த தில்லைஸ்தானத்தில், கடம்ப மாதேவி என்னும் பெருமாட்டி இறைவன் திருமுன் விளக்கெரிக்க ஆடுகளைத் தானம் செய்தாள். அத்தானத்தைப் பதிவு செய்யும் சாசனம், அவளுடைய கணவன் விக்கி அண்ணன் பெற்றிருந்த வரிசைகளையும் சேர்த்துச் சொல்கிறது. தொண்டை நாடு வரையில் தன் ஆணையைப் பரப்பிய ராஜகேசரியாகிய சோழனும், சேரமான் தாணு ரவியும் கூடி, தவிசு, சாமரை, சிவிகை, திமிலை, கோயில், போனகம், காளம், களிற்றுநிரை ஆகியவற்றோடு ‘செம்பியன் தமிழவேள்’ என்னும் குலப்பெயரையும் அவனுக்கு அளித்தார்களாம். இந்த ராஜகேசரி முதலாம் ஆதித்தனே என்பது சரித்திர ஆசிரியர் பலருடைய கருத்து. தாணு ரவியோ, கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு எழுந்த காலத்தில் ஆண்ட சேரமான்.

சோழர் குலத்துக்குரிய செம்பியன் என்னும் பெயரை ஒருவனுக்குச் சூட்டுவதில் சேர வேந்தனும் பங்கு கொண்டான் என்பதே இங்கு நாம் ஊன்றிக் கருதத்தக்கது. அந்நாளில் விசுவாசம் என்பது தேசப்படத்தில் கிழித்த கோட்டைச் சார்ந்ததன்று; தலைவனுக்கும் அவனை நம்பிய வீரனுக்கும் இடையே நின்ற பந்தமாகையால், தலைவர் இருவரும் நண்பராயிருக்கும் வரையில், இருவருக்கும் ஊழியம் புரிவது துரோகமாகாது. ஆனால் அரசர்கள் பகைத்துக்கொண்டால் அத்தகையவன் நிலை எத்தனை சங்கடமானது என்பதற்கு ஐரோப்பாவிலே உதாரணம் உண்டு. 1204இல் நார்மண்டி பிரெஞ்சு மன்னன் பிலிப்பின் கைக்குப் போனபோது, இங்கிலாந்துப் பிரபுவான வில்லியம் மார்ஷல், அங்கிருந்த தன் நிலங்களைக் காத்துக்கொள்ள அடுத்த ஆண்டு பிலிப்புக்குப் பணிவுரைத்து, தன் அரசன் ஜானுடைய கோபத்துக்கு ஆளானான்.

நம் நாட்டில் அந்தச் சேர சோழ நட்பு அடுத்த தலைமுறையிலும் பலன் தந்தது. பராந்தக சோழனுடைய மகன் ராஜாதித்தனின் சேனையில் பணியாற்றிய மலைநாட்டு வீரன் வெள்ளங்குமரன், 943இல் தென்பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் சிவபெருமானுக்குக் கற்றளி எடுப்பித்தான். 949இல் தக்கோலப் போர்க்களத்தில் ராஜாதித்தன் வீழ்ந்தபோது, உடன் உயிர் துறக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று வருந்திய மற்றொரு சேர நாட்டவர், துறவு பூண்டு திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்னும் மடாதிபதியாக விளங்கினார். பிறந்த மண் வேறு, அன்பு வைத்த தலைவன் வேறு என்பது அவர்களுடைய மனச்சாட்சியைச் சிறிதும் உறுத்தவில்லை.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ராஜராஜன் சேர நாட்டின்மீது படையெடுத்தபோது இந்த நட்பு முறிந்தது. இரண்டு அரசவைகளிலும் ஒருங்கே வரிசை பெறுவதற்கு அதன் பின் இடமேது? இருபுறமும் உறவுடையவனே இருபுறத்துச் சமாதானத்தையும் தன் சொந்த நலமாகக் கருதிக் காப்பான் ஆதலால், எல்லையோரத்து மனிதனைச் சந்தேகத்தோடு நோக்கும் ராஜ்யம், தனக்குக் கிடைக்கக்கூடிய நல்ல தூதனையே இழந்துவிடுகிறது என்பது என் திடமான நம்பிக்கை.