மல்லிகைக்கு முழம், ஆராய்ச்சிக்கு எது? தெரியுமா?

மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் மல்லிகைச் சரம் முழக்கணக்கு, வாழைப்பழம் டஜன், வெண்டைக்காய் கிலோ. சரத்தைத் தராசில் போட்டு, 'வெண்டைக்காயைவிட எடை குறைவு, மட்டம்' என்றால் பூக்கார அம்மா விடுவாரா? ஆய்விதழ்களுக்கோ பல ஆண்டுகளாக இதுதான் நடக்கிறது!

தராசின் பெயர் இம்பாக்ட் ஃபேக்டர். ஓர் இதழில் முந்தைய 2 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, கட்டுரை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். 2020-ல் ஒரு புற்றுநோய் இதழுக்கு இந்த எண் 500-ஐத் தாண்டியது! கணிதத்தின் சிகரமான 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழுக்கோ 5-ஐ ஒட்டித்தான். கணிதம் தாழ்ந்ததா? இல்லவே இல்லை! ஒரு தேற்றத்தைப் படித்து, சரிபார்த்து, அதன்மேல் கட்டவே ஆண்டுகள் ஆகும். மேற்கோள் பட்டியலும் சின்னது. ஆனாலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, எண் 10-ஐத் தாண்டிய இதழில் ஒரு கல்லூரி ஆசிரியர் எழுதினால் கூடுதலாக 30 புள்ளி, 1-க்குக் கீழே என்றால் 10. எல்லாத் துறைக்கும் ஒரே படிக்கட்டு! எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஒரே துறைக்குள்ளும் இந்தத் தராசு தடுமாறும். ஒரே கட்டுரை ஓர் இதழையே தூக்கிவிட்ட கதை தெரியுமா? படிக அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-ல் எழுதினார். அதைப் பயன்படுத்தியவர்கள் எல்லாம் மேற்கோள் காட்ட, 2-ஐ ஒட்டி இருந்த 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' 2009-ல் கிட்டத்தட்ட 50-க்குப் பறந்தது. 2011-ல் மறுபடி பழைய 2!

துறைகளின் வேகத்துக்கு வருவோம். 1933-ல் தொடங்கி, இன்று மாட்டுங்காவில் இருக்கும் வேதித் தொழில்நுட்ப நிறுவனமான ஐசிடியின் வேதியியலாளர் கட்டுரையை அடுத்த ஆண்டே பத்துப் பேர் எடுத்தாளலாம். தாராவிச் சந்துகளில் வீடு வீடாக உட்கார்ந்து பேசி எழுதிய சமூகவியல் கட்டுரை, ஆறேழு ஆண்டு கழித்து ஒரு புத்தகத்தில் தலைகாட்டும். இன்று செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1940 முதல் சமூகப்பணிக்கென்றே ஓர் இதழ் நடத்திவருகிறது. அதை வேதியியல் இதழோடு ஒரே தட்டில் வைக்கலாமா?

வைக்காமல் இருக்க வழி உண்டு! லெய்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்க் மோட் 2010-ல் 'ஸ்னிப்' என்ற அளவைக் கொண்டுவந்தார். ஒரு கட்டுரைக்குச் சராசரியாக வரும் மேற்கோள் எண்ணிக்கையை அந்தந்தத் துறையின் மேற்கோள் வழக்கத்தால் வகுப்பது அது. ஆச்சரியம் என்ன தெரியுமா? எந்தத் துறை என்பதை அட்டையில் இருக்கும் பெயர் தீர்மானிப்பதில்லை, மேற்கோள் காட்டுபவர்கள் தீர்மானிக்கிறார்கள்! தாராவிக் குடிநீரைப் பற்றி எழுதும் ஓர் இதழை மருத்துவர்களும் எடுத்தாண்டால், அவர்களுடைய நீண்ட மேற்கோள் பட்டியலும் அந்த வகுத்தலுக்குள் வந்துவிடும்.