விண்ணப்பத்தாளும் வெளிப்பக்கமும்

உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதும் முறையொன்று இலங்கையில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. முழுப் பெயர், நிரந்தர முகவரி, பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம், சமயம், விவாக நிலை, க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் சுட்டெண்ணுடன், பின்னர் உயர்தரப் பெறுபேறுகள், ஈற்றில் விண்ணப்பகாரரை நன்கறிந்த பெரியோர் இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். மேற்கூறியவை யாவும் உண்மையென்னும் உறுதிமொழியும் கையொப்பமும் அதற்கு முத்திரையாக அமையும். பாடசாலையை விட்டு நீங்கும் மாணவர் பலர் இவ்வொழுங்கை மனனமாகவே அறிவர். அத்தாள் உறையிலிடப்பட்டுப் பதிவுத் தபாலிற் செல்லும். கந்தோரில் எழுதுவினைஞர் ஒருவர் பிரித்துக் கோவையிற் சேர்ப்பார். கோவை அலுமாரிக்குட் போகும். அதனைப் படிப்போர் ஐவரோ அறுவரோதாம். ஆதலின் எல்லாவற்றையும் எழுதியதனாற் பெருங்கேடு விளைந்ததில்லை.

இன்று அதே தாளை இளைஞர் பலர் வரி பிசகாது இணையத்தில் ஏற்றிவிடுகின்றனர். ஏற்றுமிடம் பெரும்பாலும் லிங்க்ட்இன் என்னும் தளமாகும். றீட் ஹொஃப்மன் என்பவரும் அவர்தம் நண்பரும் 2002ஆம் ஆண்டின் இறுதியிற் கலிபோர்ணியாவில் உருவாக்கி, 2003ஆம் ஆண்டு மே மாதத்திற் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட தளம் அது. 2016ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை 2620 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டது. 2023ஆம் ஆண்டில் அதன் உறுப்பினர் தொகை நூறு கோடியைக் கடந்தது. அலுமாரிக்குட் போகவேண்டிய தாள் இத்துணைப் பெரிய சந்தையில் ஒட்டப்படுகின்றது என்பதே இங்குக் கருதற்குரியது.

அவ்வாறாயின் அத்தளத்தை அணுகாதிருத்தலே நன்றெனச் சில பெற்றோர் கூறுவர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. மார்க் கிரனோவெற்றர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் பொஸ்ரன் நகரை அடுத்த நியூட்டன் என்னும் ஊரிற் புதிதாகத் தொழில் பெற்ற பலரை வினவி, 1973ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிந்தவர் மூலம் தொழில் பெற்றோருள், வாரத்தில் இருமுறையேனும் சந்திக்கும் நெருங்கியவராற் பெற்றவர் 16.7 வீதத்தினரே; ஏனையோர் எப்போதாவது காணும் பழக்கத்தினராலேயே பயன் பெற்றனர். காரணம் விளங்கிக்கொள்ளத் தக்கதே. நம் உறவினர் அறிந்த செய்தியை நாமும் அறிவோம். நாம் அறியாத செய்தி தூரத்துப் பழக்கத்தினரிடமே உண்டு. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, லிங்க்ட்இன் உறுப்பினர் இரண்டு கோடிப் பேரை ஐந்தாண்டுக் காலம் நோக்கி, ஓரளவு தளர்ந்த பழக்கமே புதுத் தொழிலுக்குப் பெரிதும் துணையாகின்றது என்று கண்டது. கொழும்பிற் பெரிய உத்தியோகத்தில் மாமன் இல்லாத மட்டக்களப்புப் பிள்ளைக்கும் பதுளைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் இது சிறிய செய்தியன்று. (அந்த ஆய்வின்பொருட்டு எவரெவர் பெயர் தமக்கு அறிமுகத்துக்குக் காட்டப்பட வேண்டுமென்பது மாற்றி மாற்றி அமைக்கப்பட்டதை அவ்விரண்டு கோடிப் பேரும் அப்போது அறிந்திலர் என்பதையும் மறத்தலாகாது.)

தூரத்துப் பழக்கத்தினர் ஒருவர் வேலைக்கு ஒருவரைச் சுட்டிக்காட்ட அவர் அறியவேண்டியது யாது? சுட்டப்படுபவர் செய்யவல்ல வேலையே அன்றி வேறில்லை. கூட்டுறவுச் சங்கமொன்றில் மூன்றாண்டு கணக்கெழுதிய பெண் ஒருத்தி, ‘கடின உழைப்பாளி, பொறுப்புணர்ச்சி மிக்கவர்’ என்று எழுதுவதாற் பயனில்லை. உலகில் எல்லோரும் அவ்வாறே எழுதுகின்றனர். எத்தனை கிளைகளின் பேரேடுகளை அவள் பேணினாள், கைக்கணக்கைக் கணினிக் கணக்காக மாற்றியபோது தன் பங்கு யாது, கணக்காய்வின்போது எவ்வேலையைத் தனித்து முடித்தாள், எம்மொழிகளிற் கடிதம் எழுதுவாள் என்பனவற்றை நான்கு வரியில் எழுதினால், படிப்பவர் அவளை நினைவிற்கொள்வர். சங்கத்தின் கொடுக்கல் வாங்கலை மட்டும் அங்கு எழுதலாகாது, அது அவளுடையதன்று.

இனி, வேண்டாதவற்றை நோக்குவோம். முதலாவது அடையாள அட்டை இலக்கம். அது வெறும் வரிசை எண் என்று பலர் எண்ணியிருக்கின்றனர். பழைய இலக்கத்தின் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாளென்பதையும் குறிக்கும். பெண்களாயின் அந்நாளுடன் 500 கூட்டப்படும். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கத்தில் உளது. ஆகவே 1998532 எனத் தொடங்கும் எண் 1998ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த பெண்ணைக் காட்டும். வங்கியிலும் தொலைபேசிக் கம்பனியிலும் ஒருவர் தாம் இன்னாரென நிறுவக் கேட்கப்படுவன இவ்விலக்கமும் பிறந்த திகதியும் முகவரியுமே. மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிவைப்பது, திறப்பைக் கதவிலேயே தொங்கவிடுவதாகும். சான்றிதழ்களைப் படம்பிடித்து இடுவோர், அப்படத்துள் இவ்விலக்கம் தெளிவாகத் தெரிவதைக் கவனிப்பதில்லை.

பெரியோர் இருவரின் தொலைபேசி இலக்கத்தை வெளியிடுவது இன்னும் பிழையானது. தம் இலக்கத்தைக் கொடுத்தோர் ஒரு கந்தோருக்கெனவே இசைந்தனர். தொழில் தருபவர் கேட்கும்போது, அவர்களிடம் சொல்லிவிட்டுத் தனியே அனுப்புதலே முறை.

இவ்வெச்சரிக்கை வீண் அச்சமன்று. 2012ஆம் ஆண்டில் லிங்க்ட்இன்னிலிருந்து களவாடப்பட்ட கடவுச்சொற்களுள் ஏறத்தாழ 65 இலட்சம் வெளிவந்தன. நான்காண்டு கழித்து, அதே களவிற் போன 11 கோடி 70 இலட்சம் மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் விலைக்கு வந்தன. ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்தும் வைத்திருந்தோர் பாடு சொல்லவேண்டா. 2021இல் நேர்ந்தது வேறு வகை. ஏறத்தாழ 70 கோடிப் பேரின் விபரங்கள் திரட்டி விற்கப்பட்டபோது, இது களவன்று, உறுப்பினர் தாமே யாவரும் காண இட்டவையே திரட்டப்பட்டன என நிறுவனம் விடையிறுத்தது. அவ்விடையே வெளிப்பக்கம் எத்தன்மைத்து என்பதைக் காட்டும்.

தொழில் தருவதாக வருவோரையும் ஆராய்தல் வேண்டும். தாய்லாந்திற் கணினி வேலை என்ற வாக்கை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் பலர் மியன்மாரின் மியாவடி என்னுமிடத்து மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, 2023, 2024ஆம் ஆண்டுகளில் மீட்கப்பட்டனர். நேர்முகப் பரீட்சையின்றி வேலை தருவோரும், முன்பணம் அல்லது கடவுச்சீட்டுப் படம் கேட்போரும் ஐயத்துக்குரியவர். வெளிநாட்டு வேலை முகவருக்கு உத்தரவுப் பத்திரம் உண்டோவென்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்னும் தொலைபேசி இலக்கத்தில் வினவலாம்.

தளத்தின் அமைப்புப் பகுதியில் ஒருமுறை அரைமணி நேரம் செலவிடுதல் தகும். மின்னஞ்சல் முகவரியை யார் காணலாம், நம் பழக்கத்தினர் பட்டியலைப் பிறர் காணலாமோ என்பவற்றை அங்கே தீர்மானிக்கலாம். உறுப்பினர் பதிவுகள் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றப் பயன்படுகின்றன என்பது 2024இல் தெரியவந்தது. அதனை மறுக்கும் வழியும் அங்கேயே உண்டு. கைத்தொலைபேசியிலுள்ள முகவரிகளைத் தளத்துக்குக் கொடுக்க இசைதலாகாது. அவ்வாறு பெற்ற முகவரிகளுக்கு உறுப்பினர் பெயரால் மீண்டும் மீண்டும் அழைப்பு அனுப்பியதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2015ஆம் ஆண்டில் நிறுவனம் 1 கோடி 30 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கியது.

இப்போது ஓரிடத்திற் பணிபுரிந்துகொண்டே வேறிடம் தேடுவோர்க்கு ஒரு சிக்கல் உளது. ‘வேலைக்கு ஆயத்தம்’ என்னும் குறிப்பை யாவருக்கும் காட்டலாம். ஆள் தேடுவோருக்கு மட்டும் காட்டவும் செய்யலாம். பின்னைய முறையில், தற்போதைய நிறுவனத்தின் ஆள் தேடுவோரிடமிருந்து அதனை மறைக்கத் தளம் முயல்கின்றது. ஆயினும் முற்றாக மறையுமென உறுதி கூறுவதில்லை. மேலதிகாரி அறியலாகாதென எண்ணுவோர் அக்குறிப்பையே விடுத்து, அறிந்த ஒருவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொள்வது உத்தமம்.